மறு: ப்ரீஃப்ளைட் – வெள்ளோட்டமா, முன்கேட்பா?

> பக்கம் லோக்கல்ஹோஸ்ட் 3000-இல் ஓடுகிறது, பின்முனை (தரவு தரும் வழங்கி, அதாவது சர்வர்) 5000-இல். ஜாவாஸ்கிரிப்டிலிருந்து ஃபெட்ச் (தரவு கேட்கும் கட்டளை) போட்டால் கார்ஸ் பிழை, அதாவது வேறிடத்து வழங்கியின் பதிலைப் பக்கத்தின் நிரல் படிக்கலாமா என்று உலாவி பார்க்கும் விதியின் பிழை. பாடத்தில் இந்த இடத்தைத் தமிழாக்க ப்ரீஃப்ளைட்டுக்கு (உண்மையான கோரிக்கைக்கு முன் உலாவி வழங்கியிடம் சம்மதம் கேட்பது) ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு 'முன்பறப்பு' என்று போட்டிருக்கிறேன்.

வணக்கம் தம்பி,

முன்பறப்பு வேண்டாம். விமானி கிளம்புமுன் தன் விமானத்தைச் சுற்றிவந்து பார்க்கிறாரே, அதற்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். அச்சகத்தாரும், தகடு எடுக்குமுன் பிடிஎஃப்பில் எழுத்துருவும் நிறமும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பதை அப்படித்தான் சொல்கிறார்கள். இரண்டிலும் சோதிப்பவர் தன் கையிலுள்ள பொருளையே சோதிக்கிறார். உலாவி செய்வது அதுவல்ல, எதிரே இருப்பவரிடம் போய்க் கேட்கிறது. ஆங்கிலத்திலேயே சரியாக ஒட்டாத உவமையை நாம் சுமப்பானேன்?

நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். உலாவியின் கணக்கில் ஆரிஜின் என்பது மூன்று சேர்ந்தது: எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பது, வழங்கியின் பெயர், போர்ட் எண். இவற்றில் ஒன்று மாறினாலும் அயல்தான். அதனால் உங்கள் 3000-உம் 5000-உம் ஒரே கணினியில் இருந்தும் உறவில்லாதவை. 3000-இலிருந்து வந்த நிரல் 5000-க்கு ஜேசான் வடிவத் தரவை உடலாக வைத்து ஒரு போஸ்ட் கோரிக்கை அனுப்பச் சொன்னால், உலாவி அதை நிறுத்திவைத்துவிட்டு, ஆப்ஷன்ஸ் முறையில் உடலில்லாத ஒரு கோரிக்கையை முதலில் அனுப்புகிறது. இன்ன இடத்து நிரல் இன்ன முறையில், இன்ன ஹெடர்களோடு (தலைக்குறிப்புகளோடு) வரப்போகிறது, சம்மதமா என்பதுதான் அதன் சாரம். வழங்கி 'அக்செஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின்' முதலான ஹெடர்களில் சரி என்றால் உண்மையான போஸ்ட் கிளம்பும். இல்லாவிட்டால் அது உலாவியை விட்டு வெளியே வராது.

> வெள்ளோட்டம் என்று வைக்கலாமே? நல்ல தமிழ், எல்லோருக்கும் புரியும்.

எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் வெள்ளோட்டத்தில் ஓடுவது அதே தேர், அதே வீதியில். சுவாமி மட்டும்தான் இல்லை. ஆப்ஷன்ஸில் தேர் நிலையை விட்டே நகர்வதில்லை. மென்பொருளின் பீட்டா வெளியீட்டுக்கும் சிலர் வெள்ளோட்டம் என்று எழுதுவதால், இங்கே வைத்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

> அப்படியானால் 'முன்அனுமதி'. அலுவலகத்தில் தினமும் புழங்கும் சொல்.

இதோடுதான் என் உண்மையான சண்டை. இந்தச் சொல்லைப் படிக்கிற மாணவர் இரண்டு விஷயங்களை நம்பிவிடுவார்: அயலிலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் முன்கூட்டியே அனுமதி வேண்டும், அனுமதியில்லாமல் வருவதை வழங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பும். இரண்டும் தவறு.

கெட், ஹெட், போஸ்ட் ஆகிய மூன்று முறைகளில் எதுவும் சரி, ஹெடர்களில் புதிதாக எதையும் சேர்க்காமல், போஸ்ட்டின் உடல் பழைய எச்டிஎம்எல் படிவம் அனுப்பக்கூடிய மூன்று வகைகளுக்குள் இருந்தால், உலாவி எதையும் கேட்காமலே அனுப்பிவிடுகிறது. காரணம் வரலாற்றில் இருக்கிறது. எந்தத் தளத்துப் படிவமும் எந்த வழங்கிக்கும் போகலாம் என்பது ஃபெட்ச்சும் கார்ஸும் வருவதற்கு முன்பே நடைமுறையில் இருந்தது. பழைய வழங்கிகளெல்லாம் அதை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை; புதிதாக அங்கே காவல் போட்டுப் பயனில்லை. படிவத்தால் செய்ய முடியாதவற்றுக்குத்தான் முதலில் கேட்கும் சடங்கு: புட், டெலீட், ஜேசான் உடல், ஆதரைசேஷன் ஹெடர் போன்றவை.

இதன் விளைவைப் பாடத்தில் தடித்த எழுத்தில் போடுங்கள். கேட்காமல் போன அந்தச் சாதாரணப் போஸ்ட் வழங்கியை அடைகிறது, வழங்கியின் நிரல் ஓடுகிறது, தரவுத்தளத்தில் வரி சேர்கிறது. பதில் திரும்பி வந்தபிறகு, அதில் இசைவு ஹெடர் இல்லையென்றால், உலாவி அந்தப் பதிலை நிரலின் கண்ணில் காட்டாமல் மறைக்கிறது, அவ்வளவே. சிவப்பு எழுத்தில் பிழையைப் பார்த்தவர் 'தடுத்துவிட்டது' என்று நிம்மதியாகிறார். அதற்குள் காரியம் முடிந்திருக்கும். கார்ஸ் இருக்கிறதே என்று சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை (பயனர் பெயரில் பிற தளம் போலிக் கோரிக்கை அனுப்புவதைத் தடுக்கும் குறியை) எடுத்துவிடும் நிரலர்களை நான் பார்த்திருக்கிறேன்.

'போஸ்ட்மேனில் வருகிறது, உலாவியில் வரவில்லை' என்ற நித்தியப் புலம்பலுக்கும் இதுவே பதில். உலாவி இல்லாமலே கோரிக்கை அனுப்பும் கருவிகளான போஸ்ட்மேனும் கர்லும் யாரையும் கேட்பதில்லை. கேட்பது உலாவியின் ஒழுக்கம். சொல்லில் அந்தக் கேட்கும் செயல் தெரிய வேண்டும், அனுமதி என்ற முடிவு தெரியக் கூடாது. பதில் 'இல்லை' என்றும் வரலாமே!

அதனால் என் வாக்கு: முன்கேட்பு.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். 'உலாவி முன்கேட்கிறது.' 'இந்தக் கோரிக்கைக்கு முன்கேட்பு தேவையில்லை.' 'முன்கேட்புக்கு வழங்கி இசையவில்லை.' கடைசி வாக்கியத்தை அப்படியே பிழைச்செய்தியாகக் காட்டலாம். வினையாகவும் பெயராகவும் வளைகிறது. 'முன்வினவல்' என்றும் யோசித்தேன், ஆனால் வினவல் தரவுத்தளக்காரர்களின் சொத்தாகிவிட்டது.

———

அண்ணை, யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். முன்கேட்பு எனக்குச் சரி. முன்கேள்வி எண்டு மட்டும் ஆரும் மாத்திப்போடாதேங்கோ. இஞ்ச 'கேள்வி அறிவித்தல்' எண்டால் டெண்டர். பிள்ளையள் ஒப்பந்தக்காரர் வாறார் எண்டு நினைக்குங்கள்.

———

ஐயா, வருவாய்த் துறையில் இருந்தவன் என்ற முறையில் ஒரு ஆட்சேபம். எங்கள் பதிவேட்டில் 'கேட்பு, வசூல், நிலுவை' என்று மூன்று கலங்கள் உண்டு. அங்கே கேட்பு என்றால் கட்ட வேண்டிய தொகை. முன்கேட்பு என்றதும் முன்கூட்டியே வரி கேட்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

———

ஐயாவுக்கு வணக்கம். ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனாலும் வரிப் பதிவேடும் உலாவியின் நெட்வொர்க் பலகையும் ஒரே பக்கத்தில் வருவது அரிது. காப்பீட்டிலும் கேட்பு என்ற சொல் இருக்கிறது. மூன்று துறைகளும் சண்டையில்லாமல் பிழைத்துக்கொள்ளும். கேள் என்ற வினைக்கு வினவுவதும் செவிகொடுப்பதும் என இரண்டு பொருளும் இருப்பது இங்கே உபரி வசதி: உலாவி கேட்கிறது, வழங்கியும் கேட்கிறது.

யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னது சரி, முன்கேள்வியை விட்டுவிடுவோம்.

இனி ஆரிஜின். 'மூலம்' என்று ஒருவர் தனிமடலில் பரிந்துரைத்திருந்தார். திறமூலம், மூலநிரல் என்று அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. (மருத்துவப் பொருளை நினைவூட்டி இன்னொருவர் அனுப்பிய மடலை இங்கே போடவில்லை.) 'பிறப்பிடம்' தாலுகா அலுவலகப் படிவம்போல ஒலிக்கிறது. தோற்றுவாய் என்பதே எனக்குத் தெளிவாகப் படுகிறது. 'கிராஸ்' வந்த இடத்திலெல்லாம் 'குறுக்கு' என்று எழுதும் பழக்கத்தை இங்கேயாவது கைவிடுவோம். எதுவும் எதையும் குறுக்கே வெட்டவில்லை; வேறிடத்திலிருந்து வருகிறது. ஆகவே கார்ஸுக்கு 'அயல்தோற்றுவாய் வளப் பகிர்வு'. நீளம்தான், நாலு தடவைக்கு மேல் யாரும் முழுதாக எழுதப்போவதில்லை, பிறகு கார்ஸ் என்றே சொல்வார்கள். உரலி (யூஆர்எல்) மாதிரி ஒலியிலேயே ஒட்டிக்கொள்ளும் சொல் தினமும் கிடைக்காது.

முன்கேட்பின் பதிலை உலாவி எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று வழங்கி சொல்லும் மேக்ஸ்-ஏஜுக்கு 'முன்கேட்பு ஆயுள்' போதும். அதைப் பாடத்தில் விளக்கும்போது, வழங்கி எத்தனை நாள் சொன்னாலும் உலாவிகள் தமக்கென ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன என்று சேர்த்துவிடுங்கள்: குரோம் முதலிய குரோமியம் உலாவிகளில் 2 மணி நேரம், ஃபயர்ஃபாக்ஸில் 24 மணி நேரம். வழங்கி ஒன்றும் சொல்லாவிட்டால் 5 விநாடிதான்.

கிரெடென்ஷியல்ஸ் (குக்கி முதலிய, பயனரை அடையாளம் காட்டும் தரவு) இன்னும் நிற்கிறது. குக்கியும் சேர்ந்து போகும்போது வழங்கி உடுக்குறி (*) போட்டு 'எல்லோரும் வரலாம்' என்று சொல்ல முடியாது, தோற்றுவாயைப் பெயர் சொல்லியே குறிப்பிட வேண்டும். இந்த விதியை எழுத 'அடையாளச் சான்றுகள்' என்று வைத்திருக்கிறேன். இரண்டு சொல்லாக இருப்பது உறுத்துகிறது. வேறு கைவசம் இருந்தால் புது இழையில் போடுங்கள், இது ஏற்கெனவே நீண்டுவிட்டது.