பதில்: சுங்கப் படிவத்தில் எழுதும் பொருள் விவரம் – ‘சுங்கப் பெயர்’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு கிழமையாக இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்று இரவு ஒருமிக்க வாசித்தேன். இணையக் கடை மென்பொருளின் தமிழாக்கத்தில் இனி எஞ்சியிருப்பவை நாலு கட்டங்கள்தான். பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது சுங்கத்துக்குச் சொல்ல வேண்டியவை அவை. மூன்றில் பெரிய இழுபறி இல்லை. நாலாவதில்தான் நிற்கிறோம். வாங்குபவருக்கு எழுதும் விவரணம் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. அதற்குப் புறம்பாக, சுங்க அதிகாரிக்கென்றே எழுதும் அந்தச் சின்ன வரியை எப்படி அழைப்பது?

சொல்லுக்கு வருமுன் ஒரு பொதியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இணையத்தில் பனையோலைச் சாமான்கள் விற்கிறார். யாழ்ப்பாணத்து இரவு பஸ்ஸில் வந்து காலி வீதியில் இறங்கும் கடகங்களையும் நீத்துப்பெட்டிகளையும் தூசு தட்டி, படம் எடுத்து, தளத்தில் ஏற்றுவார். ஒருமுறை ரொறன்ரோவுக்குப் போன கடகம் ஒன்று இரண்டு மாதம் கழித்து அப்படியே திரும்பி வந்தது. பெட்டியின் மூலை நசுங்கி, கடகத்தின் விளிம்புக் கட்டு பிரிந்திருந்தது. மேலே ஒட்டிய படிவத்தில் அக்கா எழுதியிருந்தது ‘கைவினைப் பொருள், பரிசு’. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே இருப்பது மரமா, தோலா, ஓலையா என்று வாசிப்பவருக்கு எப்படித் தெரியும்? அதே கடகத்துக்குத் தளத்தில் அக்கா எழுதியிருந்த விவரணம் ‘அம்மம்மாவின் அடுப்படி ஞாபகம்’. வாங்குபவரை அது தொடும். சுங்கத்தாருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அடுத்த முறை, பனையோலையால் பின்னிய வீட்டுப் பாவனைக் கூடை என்று ஆங்கிலத்தில் எழுதி, 4602.19 என்ற சுங்க வகைப்பாட்டு எண்ணையும் போட்டு அனுப்பினோம். போய்ச் சேர்ந்தது.

ஒரே பொருளுக்கு இரண்டு எழுத்து வேண்டும் என்பது எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளிக்கூட இடாப்பில் இருக்கும் பெயர் இன்னொன்று என்று எங்கள் எல்லோருக்கும் பழக்கம் உண்டே, அதே மாதிரி.

அந்த வரியில் என்ன இருக்க வேண்டும் என்பதில் மயக்கம் இல்லை. அஞ்சலில் போகும் பொதிகளுக்கான சி.என். 23 படிவத்தின் அறிவுறுத்தலே, ‘ஆண்களுக்கான பருத்திச் சட்டை’ என்பதுபோல விரித்து எழுதச் சொல்கிறது. ‘உதிரிப் பாகம்’, ‘மாதிரி’, ‘உணவுப் பொருள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதக்கூடாது என்கிறது. காரணம், உலக சுங்க அமைப்பின் பொருள் வகைப்பாட்டு எண் அந்த நுணுக்கங்களில்தான் மாறுகிறது. 1988 முதல் நடைமுறையில் உள்ள வகைப்பாடு அது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. பிறகு வருபவற்றை அந்தந்த நாடு சேர்த்துக்கொள்கிறது. இலங்கையில் எட்டு இலக்கம்.

எங்கள் ஊர்ச் சாமானிலேயே பாருங்கள். கறுப்புத் தேயிலை மூன்று கிலோவுக்கு மேற்படாத பக்கற்றில் இருந்தால் 0902.30, அதற்கு மேல் என்றால் 0902.40. ஆகவே ‘இலங்கைத் தேயிலை’ என்று மட்டும் எழுதினால் போதாது, கறுப்பா பச்சையா, பக்கற் எவ்வளவு என்றும் சொல்ல வேண்டும். எங்கள் கறுவாவைப் பட்டையாக அனுப்பினால் 0906.11, வேறு இனத்துப் பட்டை என்றால் 0906.19, தூளாக்கிவிட்டால் எந்த இனமானாலும் 0906.20. சட்டை இன்னும் மோசம். பருத்தியில் நெய்த துணியால் தைத்த ஆண்கள் சட்டை 6205.20, அதே சட்டை பின்னல் துணியில் என்றால் 6105.10. எண்ணின் முதல் இரண்டு இலக்கமான அத்தியாயமே மாறிவிடுகிறது. புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர் விரலால் தொட்டே இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார். படிவத்தைத் தொட்டுப் பார்க்க முடியாதே!

சரி, சொல்லுக்கு வருவோம்.

‘சுங்க விளக்கம்’ என்று முதல் மடலில் வந்தது. எனக்கு அதில் மனமில்லை. இங்கே கந்தோர்களில் ‘விளக்கம் கேட்டிருக்கிறார்கள்’ என்றால் யாரோ ஒருவர் ஏதோ பிழைவிட்டு மாட்டியிருக்கிறார் என்று அர்த்தம். கடைக்காரர் அந்தக் கட்டத்தைப் பார்த்தவுடன் பயந்துபோவார். ‘பொருள் விவரம்’ என்பதை வாங்குபவருக்கான விவரணத்திலிருந்து பிரித்தறிய முடியாது. நாங்கள் தீர்க்க வந்த சிக்கலே அதுதான்.

சென்னை நண்பர் முன்மொழிந்த ‘சரக்குரை’ காதுக்கு இனிமையான ஆக்கம். ஆனால் எங்கள் பக்கத்தில் சரக்கு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வைக்கும் சரக்குக் கறிதான். உங்கள் பக்கத்தில் இளைஞர்களுக்கு அது வேறு ஒன்று. இரண்டு கரையிலும் வழுக்குகிற சொல்லைக் கட்டத்தின் தலைப்பில் போட வேண்டாம்.

‘உல்குரை’ பற்றி ஐயா எழுதிய நீண்ட மடலை இரண்டு தரம் வாசித்தேன். குறளில் 756ஆம் பாட்டில் வரும் உல்குபொருள் சுங்கவரிதான், சந்தேகமில்லை. சொல் அழகானது, அழியவிடக்கூடாதது. ஆனால் சுங்கமும் நேற்று வந்த சொல் அல்ல ஐயா. முதலாம் குலோத்துங்கனை ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றுதானே சொல்கிறோம்? இன்று துறைமுகத்தில் கொள்கலன் எடுக்கப் போகிறவரிலிருந்து விமான நிலையத்தில் பெட்டி திறக்கிறவர் வரை எல்லோர் வாயிலும் இருப்பது சுங்கம். வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏட்டில் இருப்பதை எடுத்தால், முதல் நாளே அதற்கு ஒரு விளக்கக் குறிப்பு எழுத வேண்டிவரும்.

என் முன்மொழிவு ‘சுங்கப் பெயர்’. இடாப்புப் பெயரை நினைத்துத்தான் இது எனக்குத் தோன்றியது. இன்னொரு காரணமும் உண்டு. 2021 ஜனவரி முதல் அஞ்சலில் போகும் பொருட்களுக்கு இந்த விவரங்களைப் பொதிக்கு முன்பே மின்வழியில் அனுப்ப வேண்டும் என்று உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி இருக்கிறது. அப்படியென்றால் கடகம் கொழும்பை விட்டுக் கிளம்புமுன் அதன் பெயர் அந்த நாட்டுக்குப் போய்விடுகிறது. முதலில் அதைத்தான் கணினி படிக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியும்தானே என்ற சமாதானம் இனி எடுபடாது. முன்னே போய் நின்று பொருளுக்காகப் பேசுவதைப் பெயர் என்று சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

‘பெயர் என்றால் ஆட்கள் பிராண்டின் பெயரை எழுதிவிடுவார்களே’ என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். இதுவரை வந்ததில் இதுதான் கனமான ஆட்சேபம். பிராண்டுக்குத் தனிக் கட்டம் மேலேயே இருக்கிறது என்பது பாதிப் பதில். மீதிப் பதிலுக்கு, கட்டத்தின் அடியில் மங்கிய எழுத்தில் வரும் உதவிக் குறிப்பை இப்படி வைக்கலாம்: ‘என்ன பொருள், எதனால் செய்தது, எதற்குப் பாவிப்பது என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் அல்லது போய்ச்சேரும் நாடு ஏற்கும் மொழியில் எழுதுங்கள்.’ இரண்டாவது வாக்கியம் கட்டாயம் வேண்டும். கட்டத்தின் தலைப்பு தமிழில் இருப்பதைப் பார்த்து ‘கடகம்’ என்று தமிழிலேயே எழுதிவிட்டால் அந்தப் பொதி எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. ‘சுங்கக் குறிப்பு’ என்றால் இந்தக் குழப்பம் வராது என்றும் அவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் குறிப்பு என்றால் விருப்பமானால் எழுதலாம் என்று நினைத்து வெறுமையாக விட்டுவிடுவார்கள்.

மற்ற மூன்றும் சுருக்கமாக. வகைப்பாட்டு எண்ணுக்குச் ‘சுங்கக் குறியீடு’. பெறுமதிக்குச் ‘சுங்கப் பெறுமதி’. தமிழ்நாட்டுப் பதிப்பில் மதிப்பு என்று இருக்கட்டும். பொருள் எந்த நாட்டினது என்பதற்குப் ‘பிறப்பிட நாடு’ வேண்டாம், அது ஆளுக்குச் சொல்வது. ‘உற்பத்தி நாடு’ போதும். காஞ்சிபுரத்தில் நெய்த சேலையைக் கொழும்பிலிருந்து இலண்டனுக்கு அனுப்பினாலும் அந்தக் கட்டத்தில் இந்தியா என்றே வர வேண்டும். ‘அனுப்பும் நாடு’ என்ற பழைய தமிழாக்கத்தால் அங்கே இலங்கை என்று எழுதிவைத்தவர்கள் இருக்கிறார்கள். அதை இந்தப் பதிப்போடு எடுத்துவிடுவோம்.

வரும் வெள்ளிக்கிழமை இரவு மொழிக்கோப்பை அனுப்ப வேண்டும். அதுவரை ‘சுங்கப் பெயர்’ என்று போட்டுவைத்திருக்கிறேன். இதைவிடத் தெளிவான சொல் யாருக்காவது தோன்றினால், அதோடு உங்கள் கடையில் உள்ள ஏதாவது ஒரு பொருளுக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். நிரப்பிப் பார்த்தே முடிவெடுப்போம்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து