எடி ஜோன்ஸ் அணிகளை மைதானத்தில் பார்த்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

சிட்னிவாசி:

ரக்பி பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் என்று பேச்சை எடுத்தாலே பாதிப் பேர் கும்பிடுவார்கள், மீதிப் பேர் திட்டுவார்கள். தமிழில் ரக்பி பேசுகிறவர்களே கொஞ்சம் பேர்தான், அதனால் தீர்ப்பெல்லாம் அப்புறம், முதலில் அவர் அணியை நேரில் பார்த்தவர்கள் என்ன பார்த்தீர்களோ அதை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

2003 ஜூலையில், ஜோன்ஸ் ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளராக இருந்தபோது, சிட்னியில் நியூசிலாந்து எங்களை 50-21 என்று அடித்துத் துவைத்தது. அன்று கேலரியில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் பேசினதை இங்கே எழுத முடியாது. அதே நியூசிலாந்தை நான்கு மாதம் கழித்து, அதே மைதானத்தில், உலகக்கோப்பை அரையிறுதியில் 22-10 என்று ஆஸ்திரேலியா வீட்டுக்கு அனுப்பியது. ஸ்டிர்லிங் மார்ட்லாக் எதிரணி பாஸை நடுவில் பிடித்து ஓடிய ஓட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும், ஆனால் எனக்கு அன்று உறைத்தது வேறு விஷயம். பந்தை விடவே மாட்டேன் என்று கையில் வைத்துக்கொண்டே முதல் நிமிடத்திலிருந்து ஆடினார்கள். ஜூலையில் பார்த்த அணியா இது என்று இருந்தது. ஒரு பயிற்சியாளர் நான்கு மாதத்தில் ஒரு அணியை இப்படி மாற்ற முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

இறுதிப்போட்டி உங்களுக்குத் தெரியும். நவம்பர் 22, மழை, எங்கள் லோட்டே டுகிரி முதலில் ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) அடித்தார், எல்டன் ஃபிளாட்லி இரண்டு முறை கடைசி நேர பெனால்டி உதையில் சமன் செய்தார், கூடுதல் நேரம் முடிய அரை நிமிடம்கூட இல்லாதபோது இங்கிலாந்தின் ஜானி வில்கின்சன் தன் பலவீனமான வலது காலால் டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு எழும்போது உதைப்பது) அடித்தார். 20-17, கோப்பை இங்கிலாந்துக்கு. தோற்றாலும் அந்த அணியை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டே வருடத்தில், 2005-இல், கடைசி ஒன்பது ஆட்டத்தில் எட்டுத் தோல்வி என்ற கணக்கோடு ஜோன்ஸை அனுப்பிவிட்டார்கள்.

இந்த ஏறி இறங்குகிற கதை அப்புறமும் வரும்.

பழையஹூக்கர்:

நான் ரொம்ப சின்ன அளவில்தான் ஆடியிருக்கிறேன், ஆனால் ஹூக்கர் என்பதால் இவர்மேல் எனக்குத் தனிப் பாசம். ஸ்க்ரம் என்பது இரண்டு அணி முன்கள வீரர்களும் பிணைந்து தள்ளுவது, அதில் முன்வரிசை நடுவில் நின்று பந்தைக் காலால் இழுப்பவர்தான் ஹூக்கர். ஜோன்ஸும் ஹூக்கர்தான், ஆள் குள்ளம், எடையும் கம்மி. பிறந்தது டாஸ்மேனியாவில் பர்னி, வளர்ந்தது சிட்னியில். மாட்ராவில் பள்ளியில் எல்லா (Ella) என்ற குடும்பப்பெயர் கொண்ட மார்க், கேரி, க்ளென் சகோதரர்களோடு படித்து ஆடியவர், அந்த மூவரும் பிறகு ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார்கள். இவருக்கு அந்த வாய்ப்பு வரவேயில்லை. ராண்ட்விக் கிளப்பின் முதல் அணியில் இவர் ஹூக்கராக இருந்தபோது, அதே கிளப்பின் இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டிருந்த ஃபில் கியர்ன்ஸை 1989-இல் ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் பாப் டுவையர் நேராக தேசிய அணிக்கு எடுத்துக்கொண்டார். தனக்குக் கீழே இருந்தவன் தன்னைத் தாண்டிப் போவதைப் பக்கத்திலிருந்தே பார்க்க வேண்டியிருந்தது. கியர்ன்ஸ் பிற்பாடு இரண்டு உலகக்கோப்பை வென்றவர், அதனால் தேர்வு தப்பென்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் வலி வலிதானே.

அப்புறம் பள்ளி ஆசிரியர் வேலை, ஜப்பானில் டோக்காய் பல்கலைக்கழக அணி, கான்பெராவில் பிரம்பீஸ் அணி என்று பயிற்சியாளரானார். 2001-இல் பிரம்பீஸ் சூப்பர் 12 கோப்பையை (ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்க அணிகளின் தொடர்) வென்றபோது, நியூசிலாந்துக்கு வெளியே இருந்து அதை வென்ற முதல் அணி அதுதான். ஜோன்ஸ் ஒரு வீரனை முறைக்கிற படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ராண்ட்விக் ஹூக்கர்தான் தெரிகிறார். என் கற்பனையாகவும் இருக்கலாம்.

பிரைட்டன்_மேற்குப்பக்கம்:

எல்லோரும் கேட்கிற கேள்விக்கு முதலிலேயே பதில். ஆமாம், 2015 செப்டம்பர் 19 அன்று, உலகக்கோப்பையில் ஜோன்ஸ் பயிற்சியில் ஜப்பான் தென்னாப்பிரிக்காவோடு பிரைட்டனில் ஆடியபோது, நான் அங்கே இருந்தேன். ஜப்பான் டிக்கெட் சுலபமாகக் கிடைத்தது, ஊரும் பக்கம், அதனால் போனேன். வேறு எந்த முன்யோசனையும் கிடையாது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்கு முன் உலகக்கோப்பையில் ஜப்பான் வென்றது ஒரே ஒரு ஆட்டம், 1991-இல் ஜிம்பாப்வேக்கு எதிராக. 1995-இல் நியூசிலாந்திடம் 145-17 என்று தோற்றிருந்தார்கள். எதிரே நிற்பது இரண்டு முறை உலக சாம்பியன் தென்னாப்பிரிக்கா. அதில் 2007 கோப்பை வென்றபோது ஜேக் வைட்டுக்கு உதவியாக அந்த அணியோடு இருந்தவரே இந்த ஜோன்ஸ்தான், அதனால் அவர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று அவருக்கு உள்ளேயிருந்து தெரியும்.

முதல் இருபது நிமிடம் நான் கவனித்தது ஜப்பான்காரர்கள் எவ்வளவு கீழே குனிந்து டாக்கிள் செய்தார்கள் (எதிராளியைப் பிடித்து வீழ்த்தினார்கள்) என்பதைத்தான். முழங்கால், கணுக்கால், அதற்கு மேலே போகவே இல்லை. பெரிய ஆளை மார்பில் போய் முட்டினால் நசுங்கிவிடுவோம் என்று தெரிந்து பழகின உடம்புகள். இதற்காகவே கோசாகா ட்சுயோஷி என்ற கலப்புச் சண்டை வீரரைப் பயிற்சிக்கு வைத்திருந்தார்கள் என்று பிறகு படித்தேன். காலை ஐந்து மணிக்கே முதல் பயிற்சி, ஒரு நாளில் பல முறை. ஜப்பானின் உதைப்பாளர் கோரோமாரு உதைப்பதற்கு முன் இரண்டு கைகளையும் கோத்துக் குனிந்து நிற்பாரே, அதுவும் சும்மா வந்ததில்லை, அராகி கயோரி என்ற மனப்பயிற்சியாளரோடு சேர்ந்து கட்டின சடங்கு. அன்று அவர் மட்டும் 24 புள்ளி.

கடைசி நிமிடங்களில் 29-32. ஜப்பானுக்கு பெனால்டி, தென்னாப்பிரிக்க ப்ராப் (ஸ்க்ரம் முன்வரிசையில் ஹூக்கருக்குப் பக்கத்தில் நிற்பவர்) ஒருவர் மஞ்சள் அட்டையில் வெளியே. மூன்று புள்ளியை எடுத்தால் டிரா, அதுவே அவர்களுக்கு வரலாறு. கேப்டன் மைக்கேல் லீச் வேண்டாம் என்றார், ஸ்க்ரம் கேட்டார். என் பக்கத்தில் இருந்த பெரியவர், தென்னாப்பிரிக்கச் சட்டைதான் போட்டிருந்தார், தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். மேலே பயிற்சியாளர் பெட்டியில் ஜோன்ஸ் மூன்றை எடு, மூன்றை எடு என்று கத்திக்கொண்டிருந்தார் என்பது பிறகு அவரே சொல்லித்தான் தெரியும். ஸ்க்ரம் திரும்பத் திரும்ப வந்தது, பந்து வலது பக்கம் போய் அங்கிருந்து இடது பக்கம் திரும்பியது, அமனாக்கி மாஃபி கொடுத்த பாஸில் கார்ன் ஹெஸ்கெத் மூலையில் ட்ரைக்கு விழுந்தார். 34-32. நான் எந்த அணிக்கும் ரசிகன் இல்லை, ஆனால் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன், யார் என்று இன்றுவரை தெரியாது.

நான்கே நாளில் ஸ்காட்லாந்திடம் 45-10 தோல்வி. பிறகு சமோவா, அமெரிக்கா இரண்டையும் வென்றும் வெளியேறினார்கள். குழுவில் மூன்று ஆட்டம் வென்றும் காலிறுதிக்குப் போகாத முதல் அணி. இதைச் சொல்லாமல் பிரைட்டனை மட்டும் சொல்வது பாதிக் கதை.

டோக்கியோ_மல்லி:

பிரைட்டன் நண்பர் எழுதியதைப் படித்தால் இங்கே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். இங்கே ஜோன்ஸை முதலில் கவனிக்க வைத்தது வெற்றி இல்லை. 2012 ஜூனில் பிரெஞ்சு பார்பேரியன்ஸிடம் தோற்ற பிறகு செய்தியாளர் சந்திப்பில் அப்போதைய கேப்டன் ஹிரோசே லேசாகச் சிரித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோன்ஸ் அங்கேயே, எல்லோர் முன்னாலும், வெடித்தார். இங்கே சங்கடத்தை மறைக்கச் சிரிப்பது சாதாரணம், அது தெரியாத ஆளும் இல்லை அவர். அம்மா ஜப்பானிய அமெரிக்கர், போர்க்காலத்தில் அமெரிக்காவில் முகாமில் அடைக்கப்பட்ட குடும்பம். மனைவியும் ஜப்பானியர். தெரிந்துதான் செய்தார், தோல்வியைப் பழக்கமாக எடுத்துக்கொள்வதை உடைக்க. அலுவலகத்தில் அடுத்த நாள் இதே பேச்சுதான், மூத்தவர்கள் முகம் சுளித்தார்கள், இளையவர்களில் சிலர் யாராவது இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்றார்கள். நான் சுளித்தவர்கள் பக்கம். ஹிரோசே இருந்ததால்தான் அந்த அணி சிதறாமல் நின்றது என்று இப்போதும் நினைக்கிறேன், கேப்டன் பதவி போன பிறகும் அவர் அணியை விட்டுக்கொடுக்கவில்லை.

லீச் சொல்பேச்சு கேட்கவில்லை என்று எல்லோரும் ரசிக்கிறார்கள். ஆனால் வீரர்கள் தாங்களே முடிவெடுக்க வேண்டும் என்று நான்கு வருடம் கத்தினவரே ஜோன்ஸ்தானே, அவர்கள் எடுத்தபோது வேண்டாம் என்று கத்தினதும் அவர்தான். அந்த ஆள் மொத்தமும் இதில் இருக்கிறது.

2013 அக்டோபரில் பக்கவாதம் வந்ததையும் மறக்கக் கூடாது. அப்போது வயது 53. நியூசிலாந்து டோக்கியோவுக்கு வந்து ஆடியபோது அவர் பெட்டியில் இல்லை. உடம்பு இப்படி எச்சரித்த பிறகும் வேகத்தைக் குறைக்கவில்லை. இதை வீரம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

இடதுப்ராப்:

இங்கிலாந்துக் காலத்தைப் பற்றி நான். சொந்த மண்ணில் நடந்த 2015 உலகக்கோப்பையில் இங்கிலாந்து குழு நிலையிலேயே வெளியேறி மானம் போன நேரம். தென்னாப்பிரிக்காவில் ஸ்டோர்மர்ஸ் அணிக்கு அப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்த ஜோன்ஸை உடனே திரும்ப அழைத்துவந்தார்கள், இங்கிலாந்துக்கு முதல் வெளிநாட்டுப் பயிற்சியாளர். அடுத்த மார்ச்சிலேயே கிராண்ட் ஸ்லாம், அதாவது ஆறு நாடுகள் தொடரில் எல்லா ஆட்டத்திலும் வெற்றி. ஜூனில் ஆஸ்திரேலியாவுக்கே போய் 3-0. பிரிஸ்பேனில் முதல் டெஸ்டில் அரை மணி நேரம் ஆகுமுன்பே லூதர் பரெல்லை வெளியே எடுத்து ஜார்ஜ் ஃபோர்டை அனுப்பினாரே, அது கொடூரம், ஆனால் ஆட்டம் திரும்பியது. தொடர்ச்சியாக 18 வெற்றி என்று உலக சாதனையைச் சமன் செய்தார்கள் (அதில் முதல் வெற்றி, உருகுவேக்கு எதிரானது, அவர் வருவதற்கு முன் நடந்தது, ரசிகர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்). டப்ளினில் அயர்லாந்திடம் 13-9 என்று தோற்றதோடு அது நின்றது.

நான் நேரில் பார்த்தது யோகோஹாமாவில், 2019-இன் அரையிறுதியும் இறுதியும். அரையிறுதியில் நியூசிலாந்து ஹாக்கா (ஆட்டத்துக்கு முன் ஆடும் மாவோரி நடனம்) ஆடும்போது இங்கிலாந்து வி வடிவில் வளைத்து நின்றது, இரண்டு நிமிடத்துக்குள் இங்கிலாந்தின் டுயிலாகி ட்ரை, 19-7 வெற்றி. ஸ்கோர் பார்த்தால் நெருக்கமாகத் தெரியும், மைதானத்தில் அப்படி இல்லை, ஒருபக்க ஆட்டம். நான் பார்த்த இங்கிலாந்து அணிகளில் இதைவிடச் சுத்தமாக ஆடினது எதுவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து அதே அணி, இறுதியில் தென்னாப்பிரிக்காவோடு. மூன்றாவது நிமிடத்தில் வலது ப்ராப் சின்க்ளர் மயங்கி விழுந்து வெளியே போனார். டான் கோல் கிட்டத்தட்ட முழு ஆட்டமும் ஆட வேண்டியதாயிற்று. எதிரே ம்டவரிரா. நான் ப்ராப் என்பதால் எனக்குப் பந்து எங்கே போகிறது என்பதே கண்ணில் படாது, ஸ்க்ரம் மட்டும்தான் பார்ப்பேன், அன்று ஒவ்வொரு ஸ்க்ரமிலும் இங்கிலாந்தின் வலது பக்கம் மடிந்ததைப் பார்க்கவே முடியவில்லை. 32-12 தோல்வி. இதில் ஜோன்ஸை எவ்வளவு குறை சொல்வது? காயம் யார் கையிலும் இல்லை. ஆனால் ஆட்டம் போகிற போக்கை நடுவில் மாற்ற முடியாமல் பெட்டி உறைந்துபோனதும் உண்மை.

லியோனுக்குப்_போனவன்:

சிட்னிவாசி ஏறி இறங்குகிற கதை என்றாரே, அதன் அடிமட்டத்தை டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்தவன் நான். 2022 டிசம்பரில் இங்கிலாந்து அவரை நீக்கியது, ஜனவரியில் ஆஸ்திரேலியா தன் பயிற்சியாளர் டேவ் ரெனியை அனுப்பிவிட்டு இவரை 2027 வரை ஒப்பந்தம் போட்டு எடுத்தது. உலகக்கோப்பை அணியில் அனுபவசாலிகள் மைக்கேல் ஹூப்பர் இல்லை, க்வேட் கூப்பர் இல்லை. ஆட்டத்தை நடத்துகிற பத்தாம் எண் இடத்துக்கு அனுபவமே இல்லாத கார்ட்டர் கார்டன் ஒருவர்தான். செயின்ட் எட்டியெனில் ஃபிஜியிடம் 22-15, 1954-க்குப் பிறகு ஃபிஜி எங்களை வென்றது அன்றுதான். அடுத்து லியோனில் வேல்ஸ். பெரிய திரையில் ஜோன்ஸ் முகம் வந்ததும் மஞ்சள் சட்டைக் கூட்டம் எதிர்ப்பாகக் கூவியது. சொந்த அணியின் பயிற்சியாளரை ஆட்டத்துக்கு முன்னாலேயே கூவுவதை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. நான் கூவவில்லை, ஆனால் தடுக்கவும் தோன்றவில்லை. 40-6 தோல்வி. முதல் முறையாக ஆஸ்திரேலியா குழு நிலையில் வெளியே. அந்த வருடம் அவர் கையில் ஒன்பது டெஸ்ட், வெற்றி இரண்டு, ஜார்ஜியாவும் போர்ச்சுகலும்.

அதற்கு நடுவில் ஜப்பானோடு பேசுகிறார் என்று செய்தி வந்தது, அவர் மறுத்தார், அக்டோபரில் ராஜினாமா செய்தார், டிசம்பரில் ஜப்பான் அவரை அறிவித்தது. இந்த வரிசையைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பழையஹூக்கர்:

லியோன்காரரே, கோபம் நியாயம்தான். ஆனால் அந்த அமைப்பே ஓட்டையாகத்தான் இருந்தது, அந்த ஜனவரியில்தான் வந்தவர்மேல் மொத்தப் பழியும் போட முடியாது. ரெனியை உலகக்கோப்பை வருடத்தில் அனுப்பினது யார்?

லியோனுக்குப்_போனவன்:

நிர்வாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஹூப்பரை வீட்டில் விட்டது நிர்வாகம் இல்லை.

இடதுப்ராப்:

இன்னொன்றும் இருக்கிறது. இவர்கூட உதவிப் பயிற்சியாளர்கள் நிலைப்பதில்லை. இங்கிலாந்தில் வந்தவர் போனவர் பட்டியல் எழுதினால் ஒரு பக்கம் ஆகும். பிரைட்டனிலும் இங்கிலாந்திலும் கூடவே இருந்த ஸ்டீவ் போர்த்விக் ஒருவர்தான் கடைசியில் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். ஐந்து மணிப் பயிற்சியை ஒரு உலகக்கோப்பைக்காக மூன்று வருடம் தாங்கலாம், ஏழு வருடம் யார் தாங்குவார்?

டோக்கியோ_மல்லி:

இரண்டாவது முறை இங்கே வந்த பிறகு நிலவரம் கேட்டால்: 2024-இல் டோக்கியோவில் போர்த்விக்கின் இங்கிலாந்து எங்களை 52-17, யோகோஹாமாவில் நியூசிலாந்து 64-19 என்று அடித்தன. அந்த இரண்டாவது ஆட்டத்துக்குப் போயிருந்தேன், பாதியில் எழுந்து போனவர்கள் நிறைய. 2025 ஜூலையில் கிடாக்கியூஷுவில் வேல்ஸை 24-19 என்று வென்றபோது மறுபடி கொஞ்சம் வெளிச்சம், அடுத்த வாரமே அதே வேல்ஸ் திருப்பிக் கொடுத்தது. இளைஞர்களை நிறைய இறக்குகிறார், வேகம் வேகம் என்கிறார். திட்டுகிறவர்களும் டிக்கெட் வாங்கத்தான் செய்கிறார்கள், நான் உட்பட.

சிட்னிவாசி:

2027 உலகக்கோப்பை எங்கள் ஊரில். ஆஸ்திரேலியாவுக்குப் பயிற்சியாளராக அவர் வருவதாக இருந்த அதே உலகக்கோப்பை. அதுவரை அங்கே தாக்குப்பிடித்தால் ஜப்பான் பெட்டியில் வந்து உட்காருவார். மல்லி அக்கா, நீங்கள் இங்கே வந்தால் தங்க இடம் இருக்கிறது, ஜப்பான் ஆஸ்திரேலியாவோடு மோதினால் மட்டும் தனித்தனி வரிசையில் உட்காரலாம். லியோன்காரர் கூவ வருவதாக இருந்தால் அவருக்கும் டிக்கெட் பார்க்கிறேன்.