பாதயாத்திரைக்காரருக்கு முதலுதவி: அவர்கள் மானம் போகாமல் எப்படிச் செய்வது?

திருக்கோவில் தம்பி:
எங்கள் கழகம் இந்த ஆடியிலும் கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்களுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுகிறது, கூடவே முதலுதவிக்கு ஒரு மேசையும். கட்டுப்போடவும் மருந்து பூசவும் பயிற்சி எடுத்திருக்கிறோம், கேள்வி அதைப் பற்றி இல்லை. போன முறை வேறோர் இடத்தில் ஒரு அம்மா வெயிலில் மயங்கி விழுந்தார். ஊரே சுற்றி நின்றது, யாரோ கேட்காமலே முகத்தில் தண்ணீரை ஊற்றினார்கள், சேலை விலகிக் கிடந்ததை ஒருவரும் சரி செய்யவில்லை, இதற்குள் போனில் வீடியோ வேறு. கண் விழித்ததும் அவர் கை முதலில் சேலைத் தலைப்பைத்தான் தேடியது. அதே நாளில் ஒரு ஐயா, கால் முழுக்கக் கொப்புளம், காட்டவே மாட்டேன் என்று நொண்டிக்கொண்டே போய்விட்டார். எங்கள் குழுவில் அநேகமாக ஆண்பிள்ளைகள். இப்படியான நேரங்களில் எப்படி நடந்துகொள்வது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை:
தம்பி, நான் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். இதைக் கேட்க உங்களுக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். "விலகுங்க, விலகுங்க" என்று கத்தினால் யாரும் போகமாட்டார்கள். நிற்கிற பெண்கள் நாலு பேரிடம் ஒரு படங்கையோ சேலையையோ கொடுத்து, விழுந்தவருக்கு முதுகைக் காட்டி நின்று பிடிக்கச் சொல்லுங்கள். வேடிக்கை பார்த்தவர்களே மறைப்பாகிவிடுவார்கள். மயக்கம் என்றால் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும், ஆனால் உயர்த்துவதற்கு முன்னால் சேலையை முழங்காலோடு சேர்த்து ஒரு துவாயால் சுற்றிவிடுங்கள், இரண்டு விநாடி வேலைதான். நினைவு முழுதாகத் திரும்பும்வரை வாயில் எதுவும் ஊற்றக்கூடாது.

நின்றுகொண்டு குனிந்து பேசாதீர்கள், பக்கத்தில் முழங்காலிட்டு இருந்து பெயரைச் சொல்லுங்கள். "அம்மா, கையைப் பிடித்து நாடி பார்க்கப் போகிறேன், சரியா?" என்று ஒவ்வொன்றையும் தொடுவதற்கு முன் சொல்லுங்கள். மயங்கிக் கிடக்கிறவருக்கும் சொல்லுங்கள், பல நேரம் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அவர் தலைக்கு மேலால் "இந்தக் கிழவிக்கு சீனி வருத்தமாம்" என்று நீங்கள் ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டால் அதை விட வேதனை இல்லை.

ஐயா விஷயம்: முழு அறிவோடு இருக்கிற ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நேர்த்தி வைத்து நடக்கிறவர்களில் சிலர் வலியையும் அதில் ஒரு பங்காகவே எடுத்துக்கொள்வார்கள், அதோடு சண்டைக்குப் போகாதீர்கள். பிளாஸ்டரும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பக்கெட்டும் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஆனால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் உளறுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் அது வேறு கதை. உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அங்கே அவருடைய "வேண்டாம்" தெளிந்த மனதில் இருந்து வருவதில்லை, உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்.

இன்னொன்று, மேசைக்குக் கீழே மாற்றுச் சாரனும் சோட்டியும் சிலதை மடித்து வையுங்கள். வழியில் வயிற்றோட்டம் வந்து உடுப்பு நனைந்து போனவர் உங்களிடம் வாய் திறந்து கேட்கமாட்டார்.

கல்முனைக்காரன்:
எல்லாம் சரி அக்கா, ஆனால் உயிர் போகிற நேரத்தில் அனுமதி கேட்டு, சேலை பிடித்து, இதெல்லாம் நடக்கிற காரியமா? முதலில் ஆள் பிழைக்கட்டும் என்பதுதான் என் கருத்து.

வாவிக்கரை:
மூச்சும் இல்லை, நினைவும் இல்லை என்றால் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, அதில் உங்களோடு நானும்தான். நெஞ்சின் நடுவில் கையை வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் அழுத்தத் தொடங்குங்கள், ஆணோ பெண்ணோ ஒன்றுதான். மறைப்புப் பிடிப்பது சுற்றி நிற்கிறவர்களின் வேலை, அழுத்துகிறவர் அதற்காகக் காத்திருக்கக்கூடாது. சொல்லப்போனால் கூச்சத்தாலேயே பெண்களுக்கு இந்த உதவி குறைவாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் 2018இல் வந்த ஓர் ஆய்வில், பொது இடத்தில் இதயம் நின்று விழுந்த ஆண்களில் 45 சதவீதமானோருக்கு அருகில் நின்றவர்கள் நெஞ்சழுத்தம் கொடுத்திருக்கிறார்கள், பெண்களில் 39 சதவீதம்தான்.

பொத்துவில் காக்கா:
அக்கா சொன்னதை நானும் வழிமொழிகிறேன். எங்கள் பெண்கள் பாதையில் விபத்துப்பட்டு விழுந்தால், தொடலாமா கூடாதா என்று பிள்ளைகள் தயங்கி நிற்கிறார்கள். ஒரு உயிரை வாழ வைத்தவர் மனிதர் எல்லோரையும் வாழ வைத்தவர் போலாவார் என்று குர்ஆனில் அல்மாயிதா அத்தியாயம் 32ஆம் வசனத்தில் இருக்கிறது, நிர்ப்பந்தத்தில் மார்க்கம் தடுக்காது. இரத்தம் ஓடினால் கையுறையைப் போட்டு அழுத்திப் பிடியுங்கள். அவசரம் இல்லாத காயம் என்றால் கூட வந்த பெண்ணிடம் துணியைக் கொடுத்து, எங்கே எப்படி அழுத்துவது என்று நீங்கள் வாயால் சொல்லிக்கொடுங்கள். தலை முக்காட்டைத் தேவை இல்லாமல் கழற்ற வேண்டாம்.

அடுத்தது படம். போன வருடம் ஒரு கழகம், பெயர் வேண்டாம், ஒரு முதியவரின் புண் பிடித்த காலையும் முகத்தையும் சேர்த்து முகநூலில் போட்டது, கீழே கழகத்தின் பெயர் பெரிதாக. அவருடைய பேரப்பிள்ளை அதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை, எனக்கு நெஞ்சு எரிந்தது. படம் வேண்டுமென்றால் பந்தலை எடுங்கள், சோற்றுப்பானையை எடுங்கள். சிங்கள யாத்திரிகரும் வருவார்கள், வலிக்கிறதா என்று கேட்க "ரிதெனவாத" என்ற ஒரு சொல்லாவது குழுவில் எல்லோரும் படித்து வைப்பது நல்லது.

சந்நிதி வழி:
நடக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த ஐயாவுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் இருந்து வாரக்கணக்காக நடந்து வருகிற காலில் சேறு, வெடிப்பு, மணம் எல்லாம் இருக்கும், அதைத் தூக்கி ஒரு சின்னப் பிள்ளையின் மடியில் வைக்க மனம் வராது. மேசைக்குக் கொஞ்சம் தள்ளி, மறைப்புக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீர், கோப்பை, சவர்க்காரம், கதிரை வைத்துவிடுங்கள். "சாமி, காலைக் கழுவிவிட்டு ஆறுதலாக இருங்கோ" என்று சொல்லிவிட்டு நீங்கள் அப்பால் போங்கள். தானே கழுவித் துடைத்த பிறகு அநேகம் பேர் காலை நீட்டுவார்கள்.

திருக்கோவில் தம்பி:
எல்லோருக்கும் நன்றி. வாளி, கதிரை, படங்கு மூன்றையும் இன்றே குறித்துக்கொண்டேன், மாதர் சங்க அக்காமாரையும் மேசைக்குக் கேட்கப்போகிறேன். இன்னும் ஒன்று: வருகிறவர்களின் பெயர், வருத்தம் எல்லாம் ஒரு கொப்பியில் எழுதுகிறோம், அது தேவையா?

வாவிக்கரை:
கணக்குக்கு எத்தனை பேர், என்ன காயம் என்பது போதும். பெயரோடு எழுதிய கொப்பி மேசையில் விரிந்து கிடந்தால் அடுத்து வருகிறவர் எல்லாம் வாசிப்பார். என்ன மருந்து போட்டீர்கள், எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், உகந்தையில் அடுத்த குழு பார்த்தால் அவர்களுக்கு உதவும்.