புளோரிடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: குளிர்காலத்தில் ஆற்றுக்குப் போங்கள்

வேலை மாறி புளோரிடாவுக்கு வந்த நம்மவர்களில் பலரும் டிசம்பர் விடுமுறை என்றதும் தீம் பார்க் டிக்கெட்தான் பார்க்கிறார்கள். ஒரு வருடமாவது அதைத் தள்ளிவைத்துவிட்டு, மோட்டார் ஹோம் (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து ஸ்டேட் பார்க்கில், அதாவது மாநில அரசின் இயற்கைப் பூங்காவில், மூன்று இரவு தங்கிப் பாருங்கள். கோடையில் கொசு, புழுக்கம், பிற்பகலானால் இடிமழை. வெளியில் தங்க இங்கே நல்ல காலம் நவம்பர் முதல் மார்ச் வரைதான்.

வந்தவுடன் புளோரிடா டிரைவிங் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள், இங்கே வசிக்கிறீர்கள் என்பதற்கு அது சான்று. 2024 ஜனவரியிலிருந்து ஸ்டேட் பார்க் முகாம் இடங்களை இந்த மாநிலத்தில் வசிப்பவர்கள் 11 மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யலாம், மற்றவர்களுக்கு 10 மாதம்தான். அந்த ஒரு மாதம் பெரிய உதவி, ஏனென்றால் வடக்கு மாநிலங்களிலிருந்து குளிருக்குத் தப்பி வருகிற ஓய்வுபெற்றவர்கள் எல்லாரும் இதே இடங்களுக்குத்தான் வருகிறார்கள். இடம் கிடைக்கவில்லையா, விட்டுவிடாதீர்கள். போக நினைக்கும் வாரத்தில் தினமும் இரண்டு முறை பதிவு செய்யும் இணையதளத்தைப் பாருங்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்கிறவர்கள் நிறைய. வார நாட்கள் என்றால் இன்னும் எளிது.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியது முக்கியமாக மின்சாரம். பல வண்டிகளுக்கு 30 ஆம்ப் இணைப்புதான். 120 வோல்ட்டில் மொத்தமே 3600 வாட். ஹீட்டர் 1500, இண்டக்‌ஷன் அடுப்பு 1800, அதோடு ரைஸ் குக்கரையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். அதனால் சோறு வைக்கும்போது ஹீட்டரை அணைத்துவிடுங்கள். குளிருகிறதே என்று கேஸ் அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குவது மட்டும் கூடவே கூடாது. மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துவிடும். வட புளோரிடாவில் சில இரவுகள் உறைநிலைக்கும் போகும். அப்படி முன்னறிவிப்பு வந்தால் வெளியிலிருந்து வண்டிக்கு வரும் தண்ணீர்க் குழாயைக் கழற்றிவிட்டு, வண்டித் தொட்டியில் பிடித்து வைத்த நீரைப் பயன்படுத்துங்கள். கிளம்பும் நாளில், வண்டியின் கழிவுநீரைத் திறந்துவிடும் டம்ப் ஸ்டேஷனில் முதலில் கழிவறைத் தொட்டி, அப்புறம் குளித்த, பாத்திரம் கழுவிய நீர். இரண்டாவதாக வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கையுறை போட மறக்காதீர்கள்.

சரி, ஆறு. இங்குள்ள ஊற்றுகளின் நீர் வருடம் முழுவதும் ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸ். ஜனவரிக் காலையில் ஆற்றின் மேல் ஆவி மிதக்கும். இசடக்னி (Ichetucknee) ஆறு எனக்கு மிகவும் பிடித்தது. அடியில் அசையும் புல் வரை கண்ணாடி போலத் தெரியும். கோடையில் டியூபில் மிதப்பவர்கள் கூட்டம், குளிர்காலத்தில் கயாக்கில் (சிறிய துடுப்புப் படகில்) போனால் ஆமைகளும் நாமும்தான். இந்த ஆறு ஓடும் பூங்காவுக்குள் தங்க முடியாது. அருகிலுள்ள ஓலீனோ ஸ்டேட் பார்க்கில் தங்கலாம். அங்கே சான்டா ஃபே ஆறு ஒரு பள்ளத்தில் இறங்கி மறைந்து, மூன்று மைல் தள்ளி மீண்டும் மேலே வருகிறது. குழந்தைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

இசடக்னியில் தூக்கி எறியும் பொட்டலம், பாட்டில் எதையும் ஆற்றுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். நமக்கு அது சிரமமே இல்லை. எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை போதும். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று படகில் இருக்க வேண்டும், 6 வயதுக்குக் கீழ் என்றால் அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். என் வீட்டில் எல்லாரும் கரையிலேயே மாட்டிக்கொண்டுதான் ஏறுவோம். நம்மில் நீச்சல் தெரியாதவர்கள் அதிகம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பருத்தி உடை நனைந்தால் உடலை நடுக்கிவிடும், மாற்று உடை ஒன்றைத் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். கரையில் முதலை வெயில் காய்ந்தால் விலகிப் போங்கள். உணவு போடுவது சட்டப்படி குற்றம்.

ஒருமுறை அம்மாவை அழைத்துக்கொண்டு, வாடகைக் கயாக்கோடு ப்ளூ ஸ்பிரிங் பூங்காவுக்குப் போனேன். விதிகளைப் படிக்காமல் போனது என் தவறு. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் இறுதிவரை அந்த ஊற்றோடையில் படகுக்கும் நீச்சலுக்கும் அனுமதி இல்லை. மேனட்டி என்ற பெரிய நீர்வாழ் பாலூட்டிகளுக்கு 20 டிகிரிக்குக் கீழே போன நீர் தாங்காது. அதனால் பக்கத்திலுள்ள செயின்ட் ஜான்ஸ் ஆறு குளிரும்போது நூற்றுக்கணக்கில் இந்த ஓடைக்குள் வந்து ஒதுங்குகின்றன. கயாக்கை வண்டியிலேயே விட்டுவிட்டு மரப்பாலத்தில் நின்றோம். அம்மாவுக்குச் சொந்த ஊர் பாக் விரிகுடாக் கரையிலுள்ள மணமேல்குடி. பார்த்த உடனே "இது ஆவுளியாதானே?" என்றார், நம் ஊர்க் கடல் பசுவைச் சொல்கிறார். உறவுதான், ஆனால் வேறு இனம். நம் பாக் விரிகுடா ஆவுளியாவுக்கு வால் பிளந்திருக்கும், இதற்குத் துடுப்பு போல வட்டமாக இருக்கும். சின்ன வயதில் வலையில் சிக்கிய ஒன்றைப் பார்த்ததை அம்மா அன்று முதல்முறையாகச் சொன்னார். இரண்டு மணி நேரம் அங்கிருந்து நகரவே இல்லை.

ஆகவே முன்னறிவிப்பில் கடும் குளிர் என்று வந்தால் பதிவை ரத்து செய்துவிடாதீர்கள். அந்தக் காலைகளில்தான் மேனட்டிகள் ப்ளூ ஸ்பிரிங்குக்கு மிக அதிகமாக வரும். வாகன நிறுத்தம் நிரம்பினால் வெளிவாசலை மூடிவிடுவார்கள், உள்ளேயே தங்கியிருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. விடிந்ததும் ஃபிளாஸ்கில் காபியோடு நடந்து போய்விடுங்கள்.