கடற்பால நெரிசலில் மட்டும் அணைந்துபோகும் ஒய்15

வண்டி யமஹா ஒய்15இசட்ஆர் மோட்டார் சைக்கிள், 2019 மாடல். மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கு விடியற்காலை வேலைக்குப் போகிறேன். இரண்டையும் இணைக்கும், 1924இல் திறந்த கடற்பாலம், நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஊர்ந்து ஊர்ந்து பாதிப் பாலம் வருவதற்குள் சூட்டு விளக்கு எரிந்து இன்ஜின் அணைந்துவிடுகிறது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். ஆறவிட்டால் செல்ஃபிலேயே கிளம்பிவிடும். போன மாதத்திலிருந்து இப்படித்தான்.

கூலண்ட், பிளக், ஏர் ஃபில்டர் மாற்றியாச்சு. கசிவு இல்லை, பேட்டரியும் நல்லாத்தான் இருக்கு. பட்டறையில் ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறது; பாலத்தில் வண்டி நின்றபோது கை வைத்துப் பார்த்தேன், காற்றே வரவில்லை. துவாஸ் பக்கம் இரண்டாம் பாலத்தில் போனால் தொல்லையே இல்லை, அங்கே வேகமாக ஓடுவதால் காற்றுப் படுகிறதோ என்னவோ. ஆனால் எனக்கு அது சுற்றுவழி.

விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே, சூட்டை அளக்கும் வெப்ப சென்சார், இரண்டில் எதை முதலில் மாற்றிப் பார்க்கலாம்?