ஆல்பம் திறக்கல (நம்ம வீட்டுக் குழு)

ரேவதி சித்தி: நம்ம வீட்டு சர்வர்ல இருக்கற போட்டோ ஆல்பத்துக்குள்ள போக முடியல. போன் ஆப் காட்டுற ஆறு இலக்க எண்ணைப் போட்டா தப்புங்குது

மீனா அக்கா: எனக்குத் திறக்குதே

ரேவதி சித்தி: புது போன்ல

செல்வம் மாமா: மீனா, நீ ஏற்கெனவே உள்ள இருக்க, உன்னை எண் கேக்காது. அந்த எண் 30 விநாடிக்கு ஒருதடவை மாறும். போனும் சர்வரும் அவங்கவங்க கடிகாரத்தைப் பாத்து தனித்தனியா கணக்குப் போடும். நேரம் விலகினா எண் ஒத்துவராது. கார்த்தி, சர்வர்ல டேட்-னு கமாண்ட் அடிச்சு நேரம் பாரு

கார்த்தி: போன் 10:42. சர்வர் 10:35

குமார் சித்தப்பா: சர்வர் போர்டுல இருக்கற பேட்டரிதான். அப்பவே சொன்னேன்

மீனா அக்கா: ஆரம்பிச்சாச்சு 😄

கார்த்தி: டைம்சோன் மாத்தட்டுமா மாமா?

செல்வம் மாமா: தொடாதே. எண் யூடிசி-ல (உலகப் பொது நேரம்) இருந்து வருது, டைம்சோன் மாத்தினா காட்டுற மணிதான் மாறும். கையால நேரம் வைக்கவும் வேணாம், திரும்பவும் விலகும். நெட்ல இருக்கற நேர சர்வர்கள்கிட்ட கேட்டு கடிகாரத்தைச் சரிபண்றது க்ரோனி, அதோட கமாண்ட் க்ரோனிசி சோர்சஸ் அடி. ரீச், அதாவது பதில் வந்த கணக்கு, என்ன?

கார்த்தி: நாலு நேர சர்வர் வரியிலயும் ^? ரீச் 0

செல்வம் மாமா: நல்லா இருந்தா 377 வரும். அது எட்டடிமான எண், கடைசி எட்டு கேள்விக்கும் பதில் வந்துச்சுன்னு அர்த்தம். 0-ன்னா ஒண்ணுகூட வரல. நேரம் கேக்கற போர்ட் யூடிபி 123, அது வெளிய போகாம ரவுட்டர் தடுக்குது

ரேவதி சித்தி: அந்த ரவுட்டரை மாத்தினது யாருன்னு கேளுண்ணா

குமார் சித்தப்பா: எட்டு மாசம் ஆச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன

செல்வம் மாமா: அதேதான் மச்சான். சர்வரை வாரக்கடைசி மட்டும்தான் போடுறோம், மத்த நாள் போர்டுல பேட்டரில ஓடற கடிகாரம் ஆர்டிசி-தான் நேரம் பிடிக்குது. நெட் நேரத்தோட சின்க் இருந்தா கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) 11 நிமிஷத்துக்கு ஒருதடவை அதைத் திருத்தும், இல்லாட்டி அது தன் போக்குல ஓடும். 7 நிமிஷம்னா 420 விநாடி, 240 நாளுக்கு வகுத்தா நாளுக்கு 1.75. சாதாரண கடிகார க்ரிஸ்டல் விலகற அளவுதான், 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு). பேட்டரி செத்திருந்தா தேதியே பழசுக்குப் போயிருக்கும்

மீனா அக்கா: கணக்கே காட்டிக்கொடுத்துருச்சு சித்தப்பா

குமார் சித்தப்பா: தளர்ந்த பேட்டரியும் மெதுவா ஓடவைக்கும்

செல்வம் மாமா: ஓடவைக்கும். சரி, மாத்துங்க, சிஆர்2032 பட்டன் பேட்டரி. ஆனா முதல்ல 123

மீனா அக்கா: அப்ப படத்துல தேதியெல்லாம் தப்பா?

கார்த்தி: எடுத்த நேரம் படத்துக்குள்ளயே இருக்குக்கா. சர்வர்ல ஏத்தின நேரம்தான் பின்தங்கும்

ரேவதி சித்தி: அப்படியே நான் கண்ணை மூடியிருக்கற படத்தை அழிச்சுடு

மீனா அக்கா: அது மட்டும் முடியாது

செல்வம் மாமா: கார்த்தி, க்ரோனி கான்ஃபிக்ல நேரத்தைக் குதிக்கச் சொல்ற வரி மேக்ஸ்டெப் 1.0 3 இருக்கா? இருந்தா, பதில் வர ஆரம்பிச்சதும் ஒரேயடியா குதிச்சுடும். இல்லைன்னா மெதுவாத்தான் நகர்த்தும், விநாடிக்கு பன்னிரண்டில் ஒரு பங்கு. 420-க்கு 84 நிமிஷம். சித்தி அதுவரைக்கும் காத்திருக்க மாட்டா, க்ரோனிசி மேக்ஸ்டெப் அடிச்சுடு. முன்னாடி குதிக்கறதால பயமில்ல, பின்னாடி குதிச்சாதான் டேட்டாபேஸ் முறுக்கிக்கும்

கார்த்தி: இருக்கு. நேரம் சரிபண்ற இன்னொரு ப்ரோக்ராம் டைம்சிங்க்டி-யும் ஓடுது

செல்வம் மாமா: ரெண்டும் ஓடவே கூடாது. அதை டிசேபிள் பண்ணு

கார்த்தி: பண்ணிட்டேன். ரவுட்டர் பாஸ்வேர்ட்?

மீனா அக்கா: சித்தப்பா?

கார்த்தி: சித்தப்பா 🙏

குமார் சித்தப்பா: சாயங்காலம் நானே பாக்கறேன். பேட்டரி வாங்கிட்டு வரேன்

ரேவதி சித்தி: அந்தப் படம்