குன்றத்தூர் போய்வர விவரம் தேவை

வணக்கம் நண்பர்களே, சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் குன்றத்தூருக்கு அடுத்த வாரம் அப்பாவை அழைத்துப்போக நினைக்கிறேன், உங்கள் உதவி வேண்டும். மலை மேல் இருக்கும் முருகன் கோயிலுக்குத்தான் எல்லோரும் போகிறார்கள், ஆனால் அப்பாவுக்கு அது சேக்கிழார் பிறந்த ஊர். பெரியபுராணத்தை இன்றும் தினம் கொஞ்சம் படிப்பார். அநபாயச் சோழனிடம் அமைச்சராக இருந்த சேக்கிழார், கும்பகோணம் பக்கத்துத் திருநாகேஸ்வரத்தின் மேல் கொண்ட பற்றினால் சொந்த ஊரிலும் அதே பெயரில் ஒரு சிவன் கோயில் கட்டினார் என்று சொல்கிறார்கள் இல்லையா, அதைத்தான் நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்கிறார்.

கோயில் மதியம் எத்தனை மணிக்கு நடை சாத்துகிறார்கள்? அங்கே சேக்கிழாருக்கென்று இருக்கும் சன்னதியும் அதே நேரத்தில் திறந்திருக்குமா? அப்பாவுக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது, அதனால் முருகன் கோயிலுக்கு ஆட்டோ மேலே வரை போகுமா என்பதும் தெரிந்தால் நல்லது. பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிப்பதாக இருக்கிறோம், கூட்டம் குறைவான நேரம் எது?

அப்புறம், கல்வெட்டுகளைப் படித்துச் சொல்லக்கூடியவர் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் அவசியம் சொல்லுங்கள், அப்பா ரொம்ப சந்தோஷப்படுவார்.